இடிமீசைக் கொற்றன் பூதத்தை விரட்டின லட்சணம்

ஒரு ஊர்ல ஒரு வம்சம் இருந்துச்சு. மேகத்துக்கும் மேல இருக்கிற மலையூரு. அந்த வம்சத்து ஆம்பளைங்களுக்கு ஒரே வேலைதான்: "எங்க முப்பாட்டன் இடிமீசைக் கொற்றன் ஒத்தை ஆளா மூணு வாய்ப் பூதத்தை விரட்டினவரு"ன்னு மார்தட்டிக்கிறது. மாடு கறக்கிறது, கூழ் காய்ச்சுறது எல்லாம்? மருமக அலரிதான். ம் கொட்டு. அதுக்குள்ள தூங்கிட்டியா?

அப்புறம் ஒருநாள் காலையில, தடால்! தடால்! அதே பூதம் திரும்பி வந்து ஊத்து மேல உக்காந்துகிச்சு. ஊருக்கே அந்த ஒரு ஊத்துதான். அது வத்திப் போச்சுன்னா, மூணு மாசக் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அலரி எங்க போவா?

"எவன்டா சண்டைக்கு வர்றது?"ன்னு மூணு வாயும் சேர்ந்து கத்துச்சு. உடனே அலரி புருஷன் கோளரி உலக்கையைத் தூக்கிட்டான்.

"நான் யாரு பேரன் தெரியும்ல?"

"தெரியும். மொதல்ல வேட்டியை இறுக்கிக் கட்டுங்க"ன்னுட்டு அலரி கொல்லைக்கு ஓடினா. அங்கதான் செத்துப்போன கொற்றனுக்கு நட்ட கல்லு. ஆபத்து வந்தா தட்டணும், அவரே எழுந்து வருவாருன்னு பேச்சு. தட்டினா.

டொக்! ஒரு கொட்டாவி. டொக்! ஒரு இருமல். டொக்! கல்லு விரிஞ்சு, தொப்பையும் தானுமா கொற்றன் வெளிய வந்தாரு.

"தாத்தா, பூதம் வந்திருக்கு."

"அப்படியா? போனப்புறம் கூப்பிடு தாயி."

"நீங்கதானே அதை விரட்டினது?"

"நான் எங்க விரட்டினேன்? ஊரே சந்தைக்குப் போயிருந்துச்சு. நான் வைக்கோல்போருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். பூதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சண்டைக்கு வந்தவனைத் தோக்கடிச்சாத்தான் தண்ணியைத் தொடலாம். பொழுது சாயுற வரைக்கும் எவனும் வரலைன்னா எழுந்து போயிடணும். பக்கத்து ஊர்ல எல்லாம் வீரனுங்க போனானுங்க, ஊத்தும் போச்சு. இங்க நான் வைக்கோலை உதறிட்டு வர்றதுக்குள்ள பாட்டே கட்டிட்டாங்க!"

அலரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உலக்கையோட நிக்கிறானே இவன்! உண்மையைச் சொன்னா எவன் நம்புவான்?

அப்போ அவ வாசலுக்கு ஓடிவந்து, "நில்லுங்க! பெரியவரே கிளம்புறாரு. அவருக்கு முன்னால எவனாவது காலை வச்சா வம்சத்துக்கே அவமானம்!"ன்னா. அவ்ளோதான். உலக்கை கீழ இறங்கிடுச்சு. ம்?

மொதல்ல கொற்றன் மீசைக்கு நெய் தடவினா. ஒவ்வொரு முடியா. உச்சிவெயில் வந்துடுச்சு. "எவன்டா வர்றது?"ன்னு பூதம் கத்துச்சு.

"இதோ வந்துட்டே இருக்காரு!"ன்னா அலரி.

அப்புறம் அவரோட வாளைத் தேய்ச்சா. சரக், சரக். நிழல் நீண்டுடுச்சு. "டேய், எவனாவது வாங்கடா!"ன்னு பூதம் இப்போ கெஞ்சுச்சு.

கோளரியால பொறுக்க முடியலை. "அவரு மெதுவா வரட்டும். நான் ஒரு எட்டு போய் முடிச்சுட்டு வந்துடுறேன்"னு படலைத் திறந்துட்டான். அலரி ஓடிப்போய்க் குறுக்க நின்னா.

"ஏங்க, வம்சப் பாட்டு பாடாம யாராவது போருக்குப் போவாங்களா? உங்க குரல் வேற யாருக்கு வரும்?"

கோளரி கண்ணை மூடினான். பாட்டு மொத்தம் நாப்பது அடி. ஒண்ணொண்ணையும் ரெண்டு தடவை பாடினான். அவன் கண்ணைத் திறக்கிறப்போ சூரியனைக் காணோம்.

"ச்சே, இதெல்லாம் ஒரு ஊரா!"ன்னு பூதம் எழுந்து, தொம் தொம்னு போயே போயிடுச்சு. கொற்றனும் சத்தமில்லாம கல்லுக்குள்ள நுழைஞ்சுட்டாரு.

"பார்த்தியா அலரி! மீசைக்கு நெய் தடவினதுக்கே ஓடிடுச்சு. எங்க வம்சம்!"

"பார்த்தேன் பார்த்தேன். உங்க வம்சம் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை." குடத்தைத் தூக்கி அவன் இடுப்புல வச்சா. "போய் மொண்டுட்டு வாங்க."

போனான். பாட்டைப் பாடிக்கிட்டேதான் போனான்.

அவங்க ஊத்தும் நிறைஞ்சுது, என் தொண்டையும் வறண்டுது. கண்ணை மூடு, தூங்கு.