வாத்தியாருக்கு வயித்துவலி

ஒரு ஊர்ல ஒரு வாத்தியார் இருந்தாராம். பேரு தெய்வநாயகம். மூணாங்கிளாஸ் வாத்தியார். அவர் கிளாசுல இருபத்தேழு பிள்ளைங்க. திங்கக்கிழமை ஆச்சுன்னா பாதிப் பேருக்கு வயித்துவலி வந்துரும், மீதிப் பேருக்குத் தலைவலி. எல்லாம் பொய் வலி! ம் கொட்டு... ஆங்.

வாத்தியார் மிரட்டிப் பாத்தார், கெஞ்சிப் பாத்தார். ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒருநாள் வேகத்துல சொல்லிட்டார், "இந்த மாசம் பூரா ஒருத்தர்கூட லீவு போடலைன்னா, கடைசி நாள் நான் கால்ல சலங்கை கட்டி ஆடுறேன்!"

நடக்கவா போகுதுன்னு அவருக்கு நினைப்பு. ஆனா இருபத்தேழும் வந்துச்சு! மழை சோன்னு ஊத்துன அன்னைக்கும் சொட்டச் சொட்ட வந்துச்சு. நாள் நெருங்க நெருங்க வாத்தியாருக்கு நெஞ்சு திக்குதிக்குங்குது. அவருக்கு ஆடவே தெரியாது, பாவம். கல்யாணத்துல மாலை மாத்தும்போதே கால் தடுக்கித் தொபுக்குன்னு விழுந்தவர்.

அப்போ என்ன செஞ்சார்? கடைசி நாள் காலையில போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, "ஐயோ... வயிறு..."ன்னார்.

"இப்பத்தானே ஏழு இட்லி சாப்பிட்டீங்க?"ன்னாங்க அவர் சம்சாரம் பூரணம்.

"அதான்... அதுலதான் வலிக்குது."

லீவு லெட்டர் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. அப்புறம் மத்தியானம் மணி அடிச்சதும் தடதடதடன்னு சத்தம். எட்டிப் பாத்தா, இருபத்தேழும் வாசல்ல நிக்குது! தூங்கிட்டியா? ம்... சரி.

மொதல்ல முத்துப்பேச்சி வந்தா. வயித்தை அமுக்கி, "எங்க சார் வலிக்குது?"ன்னா.

"இந்தப் பக்கம்"னு இடது பக்கம் காட்டுனார். கொஞ்சம் கழிச்சு, "இப்போ?"ன்னா. மறந்துபோய் வலது பக்கம் காட்டிட்டார்.

"வலி நடந்து போகுதா சார்?"

அப்புறம் அன்வர் வந்தான். ஒரு சொம்பு நெறைய நிலவேம்புக் கஷாயம். மடக்மடக்! வாத்தியார் மூஞ்சி அஷ்டகோணல். "இப்போ எப்படி சார்?" "இன்னும்... வலிக்குதுப்பா." "அப்போ இன்னொரு டம்ளர்!" மடக்மடக்!

மூணாவதா செல்வமலர் வந்தா. இருக்கறதுலயே குட்டி. அவ ஒண்ணும் கொண்டுவரல. கட்டிலோரமா நின்னு விசும்ப ஆரம்பிச்சா. ஒரு கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கு.

"என்னம்மா கன்னத்துல?"ன்னார் வாத்தியார்.

"பல்லுவலி சார். நாலு நாளா. லீவு போட்டா நீங்க ஆட மாட்டீங்களே, அதான் வந்தேன். நீங்க ஆட வேணாம் சார். நல்லாயிட்டாப் போதும்."

 வாத்தியாருக்குக் கஷாயத்தைவிட இதுதான் கசந்துச்சு. போர்வையைத் தள்ளிட்டு எழுந்து உக்காந்தார்.

"எனக்கு வயித்துவலி இல்லம்மா. ஆடத் தெரியாது. வெக்கமா இருந்துச்சு, படுத்துக்கிட்டேன்."

 அப்போ முத்துப்பேச்சி சொன்னா, "எங்களுக்குக்கூடத்தான் கணக்கு தெரியாது சார். வெக்கமாத்தான் இருக்கும். நாங்க வரலையா?"

அவ்வளவுதான். பூரணம் ஓடிப்போய்க் கன்னுக்குட்டி கழுத்துச் சலங்கையைக் கழட்டிட்டு வந்து கால்ல கட்டிவிட்டாங்க. ஜல்ஜல்! ஜல்ஜல்! குனிஞ்சார், நிமிந்தார், சுத்துனார், வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கன்னுக்குட்டி ம்மான்னு கத்துது. பிள்ளைங்க தரையில உருண்டு உருண்டு சிரிக்குது. செல்வமலர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சா. சாயங்காலம் வாத்தியாரே அவளைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

மறுநாள் அவருக்கு இடுப்பு நிஜமாவே பிடிச்சுக்கிச்சு. சொன்னா யாரு நம்புவா? நொண்டி நொண்டிக் கிளாசுக்குப் போனார். இருபத்தேழும் கையைக் கட்டி உக்காந்திருக்கு. "சார், இந்த மாசமும் லீவு போடலைன்னா என்ன செய்வீங்க?"

வாத்தியார் ரெண்டு கையாலயும் வாயை இறுக்கப் பொத்திக்கிட்டார்.

அவர் வாயைப் பொத்திட்டார், நானும் பொத்திட்டேன். நீ கண்ணைப் பொத்திக்கோ... தூங்கு.