வீட்டுக்கு ஒரு சம்மன்

பஸ் ஸ்டாண்டு ஓரம் தோசைக்கடை நடத்திய கோமளவல்லியின் உரிமத்தை உணவு அதிகாரி தண்டபாணி ரத்து செய்துவிட்டார். தோசையை வாயில் வைக்க முடியவில்லையாம். பிழைப்பே போனதால் அவள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனாள்.

"ஐயா தினமும் நாலு தோசை சாப்பிட்டாருங்க. அஞ்சாவதுக்கு மாவு இல்லேன்னதும் ரத்து பண்ணிட்டாரு."

"பொய். ஒரு வாய்க்கு மேல் நான் தின்றதில்லை" என்றார் தண்டபாணி மிடுக்காக.

"சாட்சி உண்டா? யாரையும் சம்மன் அனுப்பி வரவழைக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது" என்றார் தீர்ப்பாயத் தலைவர்.

"அப்போ ஐயாவோட சம்சாரத்தைக் கூப்பிடுங்க. அவங்க குடுத்தனுப்பற கஞ்சியை நாய்க்கு ஊத்திட்டுத்தான் ஐயா தோசைக்கு உட்காருவாரு. சர்க்கரை ஏன் குறையலேன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

தண்டபாணி அவசரமாகக் குறுக்கிட்டார். "சம்மன் வேண்டாம் சார். தோசை அருமையாத்தான் இருந்தது."

உரிமம் திரும்பக் கிடைத்தது. கிளம்பிய கோமளவல்லியைத் தலைவர் அருகில் அழைத்து, "கடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க? எங்க வீட்டுலயும் கஞ்சிதான்" என்றார் மெல்லிய குரலில்.