கடந்த முப்பது நாட்களில்

“எனக்கு இங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை,” என்றார் கோதண்டபாணி.

பயிற்சியின் முதல் நாள். வந்தவர்கள் இன்னும் நாற்காலியில் ஒழுங்காக உட்காரக்கூட இல்லை.

திட்டங்களை எப்படி மதிப்பிடுவது, அதுவும் சமத்துவத்தோடு, பெண்களின் பக்கமிருந்து பார்த்து எப்படி மதிப்பிடுவது என்று மதுரையில் பத்து நாள் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவள் தமயந்தி. வயது முப்பத்தைந்து. கற்றுக்கொள்ள வந்தவர் கோதண்டபாணி. வயது ஐம்பத்தாறு.

வந்தவர் என்றா சொன்னேன்? அவர் வேலை பார்க்கிற அறக்கட்டளை அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை.

“இருபத்திரண்டு வருஷம், மேடம். நாற்பத்தொரு திட்டம். என் அறிக்கை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த எண் தப்புன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்லை.”

“எவளாவது?” என்று கேட்டாள் தமயந்தி.

மற்றவர்கள் சிரித்தார்கள். கோதண்டபாணி சிரிக்கவில்லை. அவருக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம்.

“கடைசியா எதை மதிப்பிட்டீங்க, சார்?”

“தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளம். வேலை செய்யற பொம்பளைங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போக ஒரு காப்பகம். நாற்பது குழந்தைக்குக் கட்டினது. நான் போனப்போ இருந்தது ரெண்டே ரெண்டு. மூடிடலாம்னு எழுதினேன். இந்த மாசக் கடைசியில மூடறாங்க.”

சொல்லும்போது குரலில் வருத்தம் எதுவும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

“என்ன கேள்வி கேட்டீங்க?”

“‘கடந்த முப்பது நாட்களில் உங்கள் குழந்தையைக் காப்பகத்தில் விட்டீர்களா?’ முப்பத்தொன்பது பேர்கிட்ட கேட்டேன். முப்பத்தேழு பேர் ‘இல்லை’ன்னாங்க.”

“தெளிவான கேள்வி,” என்றாள் தமயந்தி. “நானும் ஒண்ணு கேட்கட்டுமா?”

“தாராளமா.”

“ஸ்கூட்டர்லதானே வந்தீங்க? பெட்டியில ரெயின்கோட் இருக்கா?”

“இருக்கு.”

“கடந்த முப்பது நாட்களில் அதைப் போட்டீங்களா?”

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“இந்த வெயில்ல எவனாவது…”

“ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“இல்லை.”

தமயந்தி கையை நீட்டினாள். “சாவி.”

இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே கொடுத்தார். அவள் வெளியே போனாள். பெட்டியைத் திறந்தாள். ரெயின்கோட்டை எடுத்து, வாசலில் நின்ற காவலாளியிடம், “வச்சுக்கோங்க அண்ணே,” என்று கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன தீபாவளிக்கு மகள் வாங்கிக் கொடுத்த ரெயின்கோட்!

“மேடம், அது என்னோடது!”

“தேவைப்படலைன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நாளைக்கு மழைக்காலம் வந்தா நான் என்ன பண்றது?”

“அதை எழுத என் தாள்ல இடமில்லை, சார்.”

கோதண்டபாணியின் காது இரண்டும் சிவந்துவிட்டன. இத்தனை பேர் முன்னால் இந்தச் சின்னப் பெண்ணிடம் அசடு வழிய நிற்க வேண்டுமா?

“என் அறிக்கையைக் குத்திக் காட்டறீங்களா?”

“நான் ரெயின்கோட்டைப் பத்தித்தான் பேசறேன். அறிக்கையைப் பத்திப் பேச நான் யாரு? அந்தக் காப்பகத்துல பிள்ளையை விட்டவங்க இருக்காங்க. எடுத்துட்டுப் போய் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். அப்புறம் வாங்க, பாடத்தை ஆரம்பிக்கலாம்.”

“பதில் சொன்னவங்ககிட்டயே போய் அறிக்கையை வாசிக்கிறதா? இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு வழக்கமே கிடையாது!”

“தெரியும்,” என்றாள் தமயந்தி.

*

மறுநாள் காலையில் கோதண்டபாணி தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார்.

கற்றுக்கொள்ளப் போனார் என்று நினைக்க வேண்டாம். அவள் வாயை அடைக்கப் போனார்.

உப்பளத்தில் வெயில் கீழிருந்தும் அடித்தது. பாத்தி பாத்தியாக வெள்ளை. குவியல் குவியலாக வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை. தலைச்சுமையோடு பெண்கள் வரப்பின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள்.

காப்பகம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே காதில் விழுந்தது. அப்படி ஒரு கூச்சல்.

வாசலில் நின்று எண்ணினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், விடுமா? முப்பத்தாறு. நம்பாமல் மறுபடி எண்ணினார். முப்பத்தாறுதான். அதில் ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு, “தூக்கு,” என்றது.



மத்தியானம் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். காலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. முன்னால் வந்தவள் சந்தனக்கனி. அவள் வாய்க்குப் பயந்து உப்பளத்துக் கணக்கப்பிள்ளையே சுற்றுவழியில் போவார் என்று பேச்சு. கோதண்டபாணியைப் பார்த்ததும் நின்றாள்.

“ஏ, இங்க பாருங்கட்டி, மழையில வந்த சாரு!”

மழையில்.

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு சொல்லே போதும்தான். ஆனால் வாசிக்க வேண்டும் என்று வந்தாயிற்றே. வாசித்தார்.

‘பயனாளிகளிடையே ஆர்வம் காணப்படவில்லை’ என்று வாசித்தபோது பெண்கள் சிரித்தார்கள். ‘மையத்தை மூடப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

“மேலிடத்து உத்தரவுன்னுல்லா சொன்னாவ,” என்றாள் சந்தனக்கனி. “அந்த மேலிடம் நீங்கதானா?”

அவர் அறிக்கையை மடித்தார்.

“எந்த மாசம் வந்திய?”

“கார்த்திகை. வருஷக் கடைசிக்குள்ள அறிக்கை கொடுக்கணும்னு கெடு வச்சிருந்தாங்க…”

“கார்த்திகையில அளம் பூரா வெள்ளம்லா கெடக்கும். வேலை ஏது? வேலை இல்லாதப்போ பிள்ளைய நாங்க மடியில வச்சிக்கிடுவோம். காப்பகத்துல எதுக்கு விடணும்?”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா.”

“சொன்னேம்லா!” சந்தனக்கனியின் குரல் உச்சிக்குப் போனது. “சொல்ல வாயைத் தொறந்தேன். நீங்க ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு நின்னிய. நான் சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு நின்னேன். நீங்க தாளை விட்டுத் தலையைத் தூக்கலை. ‘ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க’ன்னிய.”

ஞாபகம் வந்தது. சாக்கு ஞாபகம் வந்தது. அதன் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் படாமல் தாளை நகர்த்திப் பிடித்ததும் ஞாபகம் வந்தது. முகத்தை மட்டும் அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை.

“இதை மூடினா எம் மூத்தவ படிப்பை விட்டுட்டுத் தம்பியைப் பாக்க வந்துரணும். ஏழாம் கிளாஸ் படிக்கா. வகுப்புல அவதான் மொத ஆளு. இதை உங்க தாள்ல கேட்டியளா?”

“இல்லை.”

அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. நாற்பத்தொரு அறிக்கையில் இன்னும் எத்தனை சாக்குகள் நனைந்துகொண்டு நிற்கின்றனவோ!

பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தார். “தப்பு என்னோடது. இப்பவே திருத்தி எழுதிடறேன். நான் கேட்கறதுக்கு மட்டும் நீங்க…”

தாளின் மேல் ஒரு கை விழுந்தது. உப்பு அப்பிய கை.

“மறுபடியும் நீங்க கேக்க, நாங்க சொல்லணுமா?” என்றாள் சந்தனக்கனி. “அந்தக் கதையே வேண்டாம். என்ன கேக்கணும்னு நாங்க சொல்லுதோம். பதிலையும் நாங்க சொல்லுதோம். நீங்க எழுதுங்க. எழுதினதை வாசிங்க. முப்பத்தொன்பது பேரும் சரின்னாத்தான் இந்தத் தாளு இந்த இடத்தை விட்டு நகரும்.”

“அப்படி ஒரு வழக்கம்…” என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

எழுதினார். வாசித்தார். அடிக்கச் சொன்ன இடத்தில் அடித்தார்.

“அதென்ன பயனாளி?”

“நீங்கதான்.”

“ஏன், எங்களுக்குப் பேரு இல்லையா? அடிங்க அதை.”

அடித்தார். முப்பத்தொன்பது பேரையும் வரிசையாக எழுதினார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை என்று திருத்தவும் வைத்தார்கள்.

மூன்று மணி ஆனது. பசி தெரியவில்லை. அறக்கட்டளையின் இயக்குநருக்குப் போன் போட்டார்.

“சார், உப்பளத்துக் காப்பக அறிக்கை தப்பு. முழுக்கத் தப்பு. வேற அனுப்பறேன்.”

“என்ன பாணி, விளையாடறீங்களா? மூடற உத்தரவு என் மேஜையில இருக்கு. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. உங்க அறிக்கை தப்புன்னு நீங்களே சொன்னா, அப்புறம் உங்களை எந்தத் திட்டத்துக்கு நான் அனுப்ப முடியும்? இருபத்திரண்டு வருஷப் பேரு ஒரே நாள்ல போயிடும், யோசிச்சுக்கோங்க.”

கோதண்டபாணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் முப்பத்தொன்பது பேருடைய பேரும் இருந்தது.

“போகட்டும், சார்.”

சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியம்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. முப்பத்தேழு பேர் ‘இல்லை’ன்னு சொன்னது சொன்னதுதானே? அதுக்கு எதிரா நியாயமா ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. இந்த உத்தரவை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

காரணம் கோதண்டபாணியின் நாக்கு நுனியில் இருந்தது. நேற்றைக்கு முந்தின நாள் என்றால் சொல்லியிருப்பார். நல்ல தமிழில், அட்டவணையோடு சொல்லியிருப்பார்.

அவர் ஸ்பீக்கரை அழுத்தி, போனைச் சந்தனக்கனியிடம் நீட்டினார்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“ஐயா, ஒரு கேள்வி. மழையில உப்பு விளையுமா?”

“யாரும்மா நீங்க? இங்க பாருங்கம்மா, இதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கு. வருஷக் கடைசிக்குள்ள எல்லா அறிக்கையும்…”

“ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”



“இல்லை,” என்றது போன்.

சந்தனக்கனி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எழுதிக்கிடுங்க, அண்ணாச்சி. எழுதிட்டு, அவருக்கும் வாசிச்சுக் காட்டுங்க.”