யோனா சொல்லாத பதில்

“‘பைபிள் வாசிக்க ஆரம்பிச்சதுல இருந்து நீ முன்னைவிட மோசமாயிட்ட, உன் வாயும் ரெண்டு முழம் நீண்டுபோச்சு.’ இப்படிச் சொல்றாருடீ அந்த மனுஷன். யாருக்காக வாசிக்கிறேன்? அவருக்காகத்தானே?”

மெட்டில்டா பொரிந்து தள்ளியும் சிஸ்டர் ஃப்ளாவியா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடத்துச் சமையலறை மேசையில் தட்டு நிறைய, பூசைக்கு அனுப்ப வேண்டிய மெல்லிய நற்கருணை அப்பங்கள். வட்டம் வட்டமாக வெட்டியவற்றில் ஓரம் நொறுங்கியதைப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ சொன்னார்?”

“இன்னைக்குக் காலையில. நான் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைக் குடிச்சிட்டு.”

மெட்டில்டாவும் ஃப்ளாவியாவும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. மறைக்கல்விப் பரிசு வருஷம் தவறாமல் மெட்டில்டாவுக்குத்தான். ஃப்ளாவியா பத்துக் கட்டளையில் ஏழுக்கு மேல் போனதாகச் சரித்திரம் கிடையாது. அவள் கன்னியாஸ்திரி ஆனதும், தான் அவளிடமே வந்து கைகட்டி நிற்பதும் கடவுளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாததால்தான் என்று மெட்டில்டா சொல்லிக்கொள்வாள்.

போன டிசம்பரில் அவள் கணவர் கிளமெண்டுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. பேச்சுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்காக மனுஷன் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்பார்.

மெட்டில்டா கோயில் பீடத்தின் முன்னால் போய் நேர்ந்துகொண்டாள். அவருக்குப் பேச்சு திரும்பி வரட்டும், ஒரு வருஷத்துக்குள் முழு பைபிளையும் வாசித்து முடிக்கிறேன்.

வாசித்தால் மட்டும் போதாது, யோசித்து வாசி என்று ஃப்ளாவியா சொல்லியிருந்தாள். மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகவும் சொல்லியிருந்தாள்.

ஒரு நாளைக்கு நாலு அதிகாரம். ஒன்பது மாதத்தில் ஒருநாள் தப்பவில்லை. உலை கொதிப்பதற்குள் நாலும் முடிந்துவிடும். அதெப்படி என்று ஃப்ளாவியா ஒருமுறை கேட்டதற்கு, ஒவ்வொரு வசனத்திலும் முதல் ரெண்டு வார்த்தையைப் பார்த்தால் போதும், மீதி தன்னால் வந்துவிடும், எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே என்றாள்.

“நேத்து எதுடீ வாசிச்ச?” என்றாள் ஃப்ளாவியா.

“யோனா. ஒரே நாள்ல ஒரு முழுப் புத்தகம்.”

“அது எப்படி முடியுது?”

மெட்டில்டாவுக்குச் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. ஆண்டவர் நினிவேக்குப் போகச் சொன்னார், யோனா கப்பலேறி வேறு பக்கம் ஓடினான், மீன் விழுங்கியது, கக்கியது, போய்ப் பிரசங்கம் பண்ணினான், ஊரே சாக்கு உடுத்தித் திருந்தியது, சுபம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, பரிசு எங்கே என்பதுபோல் கையை நீட்டினாள்.

ஃப்ளாவியா அந்தக் கையில் ஒரு நொறுங்கிய அப்பத்தை வைத்தாள்.

“பைபிள் பைக்குள்ளதானே இருக்கு? எடு. கடைசி அதிகாரத்தைச் சத்தமா வாசி.”

மெட்டில்டா எடுத்தாள். எந்த ஸ்டேஷனிலும் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி ஆரம்பித்தாள்.

ஊர் அழியவில்லையே என்று யோனா கோபித்துக்கொள்கிற இடத்தில் வேகம் குறைந்தது. அவன் வெயிலில் போய் உட்கார்ந்ததும், நிழலுக்கு ஒரு செடி முளைத்ததும், புழு அரித்து அது வாடியதும் வந்தபோது அவள் விரல் வரிக்கு அடியில் ஊர ஆரம்பித்தது. செத்தாலும் தேவலை என்று அவன் முறைத்துக்கொள்கிறான். நீ வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலக்கை இடக்கை தெரியாத இத்தனை ஆயிரம் ஜனங்களும் இத்தனை கால்நடைகளும் உள்ள ஊருக்காக நான் இரங்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கிறார்.

மெட்டில்டா பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த புத்தகம்.

திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். தாள் எதுவும் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பக்க எண் சரியாகத்தான் இருந்தது.

“யோனா என்ன சொன்னான்?” என்றாள் ஃப்ளாவியா.

“தப்புதான் ஆண்டவரேன்னு சொல்லியிருப்பான்.”

“எங்க போட்டிருக்கு?”

“போடணுமாடீ? கேட்கிறது கடவுள். வேற என்ன சொல்லிட முடியும்?”

ஃப்ளாவியா இரண்டு அப்பங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றைத் தட்டில் போட்டாள், ஒன்றைத் தள்ளி வைத்தாள்.

“காலையில உன் வீட்டுக்காரர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. அவர் வாயிலேர்ந்து வந்ததை மட்டும்.”

“‘பைபிள் வாசிக்க ஆரம்பிச்சதுல இருந்து நீ...’”

மெட்டில்டா அங்கேயே நின்றுவிட்டாள்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. ‘நீ’ என்றுவிட்டு வாயைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். மீதியை இவள்தான் போட்டு நிரப்பினாள். நிரப்பியதோடு அதற்குப் பதிலும் சொல்லி, கஞ்சிக் கிண்ணத்தை ணங்கென்று வைத்துவிட்டு மடத்துக்குக் கிளம்பி வந்தாள்.

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா என்று சொல்ல வாய் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டு பைபிளைப் பைக்குள் வைத்தாள்.

ஃப்ளாவியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் கிளமெண்ட் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மெட்டில்டா அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். காலையில் என்னமோ சொல்ல வந்தீர்களே, அது என்ன என்று கேட்டாள்.

அவர் அவளுடைய வாயையே பார்த்தார். மீதியை அவளே சொல்லிவிடுவாள் என்று பழகிப்போன பார்வை.

நல்லதாக நாலு, பொல்லாததாக நாலு, எட்டு வாக்கியம் அவள் நாக்கு நுனிக்கு வந்து முட்டின. அவள் பல்லை இறுக்கிக்கொண்டாள்.

அவர் உதடு அசைந்தது. நின்றது.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றாள் மெட்டில்டா. “நீங்களே சொல்லுங்க.”