இடிக்காமல் கழன்ற பம்பர்

2023 ஜூலை 12, புதன்கிழமை, காலை ஒன்பது நாற்பது. உடைந்த காதுகள் மூன்று. திறந்து பார்த்தவர் பெயர் குழந்தைவேலு.

பம்பரைப் பிடித்து நிறுத்த வண்டியில் இருக்கும் பிளாஸ்டிக் முனைகளுக்குப் பட்டறையில் காது என்று பெயர். இடது பக்கக் காதுகள் மூன்றும் பிய்ந்திருந்தன. அந்தப் பக்கம் பம்பரைக் கயிற்றால் கட்டி வண்டியை ஓட்டி வந்திருந்தார்கள். வலது பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

பட்டறை ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் இருக்கிறது. நடத்துபவர் பிரமிளா, வயது முப்பத்திரண்டு. உடைந்த பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பதில் அவர் பெயர் சேலம் வரை தெரியும். குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடம் திண்டலில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர். தகரம் தட்டத் தெரியும், பிளாஸ்டிக் தெரியாது. வண்டிகள் மாறிவிட்டன. பட்டறையை மூடிவிட்டு, ஐந்து மாதமாகப் பிரமிளாவிடம் வேலை படிக்கிறார். அவர் பிரமிளாவை அம்மணி என்பார். பிரமிளா அவரை அண்ணா என்பார்.

வண்டியின் சொந்தக்காரர் சோமசுந்தரம், மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். கம்பெனிப் பம்பர் வர நாளாகும் என்றதால் வெளிக்கடையில் ஒன்று வாங்கி, வண்டியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

வண்டியைத் திறந்ததும் முன்பு வேலை பார்த்தவரைத் திட்டுவது பட்டறை வழக்கம். திட்டினால்தான் வந்தவருக்கு நம்பிக்கை பிறக்கும். குழந்தைவேலு வழக்கத்தை மீறவில்லை.

"எந்த மகராசன் கைவேலைங்க இது? உடைஞ்ச காதுல பசையைத் தடவி, மரத்துக்குப் போடற ஸ்க்ரூவை முறுக்கி விட்டிருக்கான்."

"அவ்வளவு மோசமுங்களா?"

"பந்தல் போடறவன்கூட இதைவிட நல்லாக் கட்டுவானுங்க."

சோமசுந்தரம் சிரித்தார். குழந்தைவேலுவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினார். அதனடியிலிருந்து ஒரு ரப்பர் துண்டு கையில் விழுந்தது. சைக்கிள் டியூபைச் சதுரமாக நறுக்கி வைத்த துண்டு.

எல்லோரும் வட்ட வாஷர் போடுவார்கள். டியூபைச் சதுரமாக நறுக்கி வைப்பவர் ஈரோட்டில் ஒருவர்தான் இருந்தார். திண்டலில் இருந்தார்.

குழந்தைவேலுவின் சிரிப்பு நின்றது.

"வண்டி எப்ப வாங்கினீங்க?"

"மூணு வருஷம் ஆச்சுங்க. கைமாறின வண்டிதான். இந்தப் பம்பர் அப்பவே இருந்தது." சோமசுந்தரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சென்னியப்பன்னு ஒரு டிரைவர் என்கிட்ட இருந்தான். பதினோரு வருஷம். போன மாசம் கோபி ரோட்டுல எதுலயோ கொண்டுபோய் இடிச்சிருக்கான். கேட்டா, எதுலயும் இடிக்கலீங்க, தானாக் கழண்டு விழுந்துருச்சுன்னு சாதிக்கிறான். பம்பர் போனாப் போகுது. மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னான் பாருங்க, அதுதான் தாங்கல. அனுப்பிட்டேன். மண்டித் தெருவுல வேற யாரும் அவனைச் சேர்க்கலியாம்."

குழந்தைவேலு ரப்பர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க. மாட்டின வேலை மட்டமாவே இருக்கட்டும். இடிக்காம பம்பர் கழண்டு வருமுங்களா?"

பிரமிளா பக்கத்து மேஜையில் இருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வராதுங்க" என்றார் குழந்தைவேலு.

நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு சோமசுந்தரம் கிளம்பினார்.

குழந்தைவேலு வலது பக்கம் போய்க் குனிந்தார். அங்கும் அதே பசை, அதே ஸ்க்ரூ, அதே சதுர ரப்பர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அது வேண்டாம்ணா" என்றார் பிரமிளா. "கையால இழுங்க."

"ஸ்க்ரூ இருக்குது அம்மணி."

"இருக்கட்டும். இழுங்க."

அவர் ஒரு கையால் இழுத்தார். பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை. சின்னச் சத்தத்தோடு காது பிய்ந்து, பம்பர் முழுவதும் அவர் காலடியில் விழுந்தது.

பிரமிளா கேட்டார்:

"எதுல இடிச்சீங்கண்ணா?"

குழந்தைவேலு பம்பரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

வேலை நடந்தது. பிய்ந்த காதுகளின் ஓரத்தைச் சீவி, பசையின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தார். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றினார். உள்பக்கம் எஃகு வலையைச் சூடாக்கிப் பதித்தார். ஆறும் வரை கை வைக்கவில்லை. புதுப் பம்பரைத் தூக்கிப் பொருத்திப் பார்த்தபோது அதன் துளைகள் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி விழுந்தன. வெளிக்கடைப் பம்பரில் அது சகஜம். அவர் கை பழக்கத்தில் டிரில்லை எடுத்துக் காதின் துளையைப் பெரிதாக்கப் போனது.

"வண்டியில கை வைக்காதீங்க. புதுசா வந்ததைத் தேயுங்க."

அரத்தை எடுத்துப் பம்பரின் துளைகளை நீளமாகத் தேய்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

மூன்றரை மணிக்குக் கேட்டார்: "காலையில அந்த ரப்பரை நீங்களும் பார்த்தீங்க, இல்லையா?"

"பார்த்தேன்."

"சேர்ந்த புதுசுல நான் அதை நறுக்கினப்ப, இங்க இது வேண்டாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் அவர் முன்னாடி ஒண்ணும் சொல்லலை?"

"என்கிட்ட அவர் கேக்கலியே."

நாலு மணிக்கு சோமசுந்தரம் வந்தார். பம்பரைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருந்தது. திருப்தி என்றார்.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றார் குழந்தைவேலு. "பழைய பம்பரை மாட்டினது நான்தான். உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் திண்டல்ல என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அது இடிக்காமலே கழண்டு வரும். காலையில நானே கையால இழுத்தேன், வந்துருச்சு."

சோமசுந்தரத்துக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது.

"காலையில சிரிச்சீங்களே, அது யாரைப் பார்த்துங்க?"

"அப்பத் தெரியலீங்க."

"அப்புறம் தெரிஞ்சுதில்ல? அப்புறம்தானே நான் கேட்டேன்?"

"ஆமாங்க."

"வராதுன்னீங்க."

"பொய் சொன்னேனுங்க."

சோமசுந்தரம் காலையில் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவை குனிஞ்சு பாருங்கய்யான்னு என்கிட்ட கெஞ்சினான்" என்றார். "வேட்டி அழுக்காகும்னு நான் குனியல."

ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"சரி. நான் ஆளனுப்பி அவனை வரச் சொல்றேன்."

பிரமிளா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வரச் சொல்ல வேண்டாங்க. நீங்க போங்க. எங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க."

"நான் எதுக்கு அம்மணி?" என்றார் குழந்தைவேலு. "ஐயாவே சொல்லிக்குவார்."

"அவருக்கு வண்டியைப் பத்தி என்னண்ணா தெரியும்?"

புதுப் பம்பர் மாட்டிய அந்த வண்டியிலேயே இருவரும் போனார்கள்.

மறுநாள் காலை குழந்தைவேலு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். சட்டை மாற்றிக்கொண்டார். மேஜைக்குப் போகாமல் பிரமிளாவின் எதிரில் வந்து நின்றார்.

"போனீங்களா?"

"போனோம். ஓட்டு வீடு. சென்னியப்பன் வாசல்ல நின்னு வெண்டைக்காய்க்குத் தண்ணி விட்டுட்டு இருந்தார். நான் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். குழாயை மூடிட்டு உள்ள போயி வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சார். இன்னொருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கன்னார்."

"சொன்னீங்களா?"

"பசை தடவினதுல இருந்து, வராதுன்னு சொன்னது வரைக்கும். அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனையே பார்த்துட்டு இருந்துச்சு. ஐயா மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். யோசிக்கிறேங்கன்னார் அவர். அப்புறம் டீ குடுத்தாங்க."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்." குழந்தைவேலு சுவரைப் பார்த்தார். "ஒரு வார்த்தை திட்டலை அம்மணி. ரெண்டு பேருமே. நாலு திட்டுத் திட்டியிருந்தாத் தேவலை. ராத்திரியெல்லாம் கண்ணு மூடலை. ஏன் திட்டலை அவர்?"

பிரமிளா உருக்கும் கருவியின் சுவிட்சைப் போட்டார். அது சூடாகும் வரை காத்திருந்தார்.

"திட்டு வாங்கிட்டா முடிஞ்சுரும்னு போனீங்களாண்ணா?"

குழந்தைவேலு தன் மேஜைக்குப் போனார்.

சென்னியப்பன் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. 2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, பவானியில் ஒரு பள்ளி வேனுக்கு டிரைவராகச் சேர்ந்தார்.