திருப்பித் தந்த வாக்கு

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். கதையில் வரும் தவமணியே நான்கு மாதம் யோசித்து, விடை தெரியாமல் களைத்துப்போனவள்.

மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்கு அவள் தலைவர். பதவிக்கு வந்து நான்காவது வருடம். வந்த புதிதில் யார் மனு கொண்டுவந்தாலும் எழுந்து நின்று வாங்குவாள். இப்போது உட்கார்ந்தபடியே வாங்கி, பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுகிறாள். ரோடு வேண்டும், பாலம் வேண்டும், பஸ் வேண்டும் என்பதைத் தவிர அவற்றில் வேறு எதுவும் இருந்ததில்லை.

அந்த வருடம் சாலைப் பணிக்கென்று ஒன்றியத்துக்கு வந்த நிதி ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். கேட்டு நின்றவை இரண்டு ஊர்கள்.

ஆனைக்கல் மலைமேல் இருக்கிறது. நாற்பத்தொரு வீடுகள். ரோடு என்பதே கிடையாது. ஐந்து கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால்தான் அடிவாரத்துச் சேந்தனூர். ஆனைக்கல்லில் மாதம்மாள் என்ற பெண்ணின் மூத்த மகளைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கி வந்தபோது, பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. ஓட்டுக் கேட்கப் போன தவமணி அந்த வீட்டு வாசலில், ஊரே கூடி நிற்க, "நான் ஜெயிச்சா முதல் ரோடு உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தாள். வனத்துறை அனுமதிக்காக மூன்று வருடம் அலைந்தாள். ஒருவழியாக அது கைக்கு வந்தது.

அதே ஐப்பசியில்தான் சேந்தனூர்த் தரைப்பாலத்தை ஓடை அடித்துக்கொண்டு போனது. சேந்தனூரில் மூவாயிரம் பேர். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஓடைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வந்தால் பஸ் அக்கரையிலேயே திரும்பிவிடும். மலையிலிருந்து இறங்கி வரும் ஆனைக்கல் பிள்ளைகளும் அதே கரையில்தான் நின்றாக வேண்டும்.

"ரெண்டுக்கும் பாதிப் பாதி போட்டுடலாம் மேடம்" என்றார் ஒன்றியப் பொறியாளர்.

"போட்டா நிக்குமா?"

"ஒரு மழை தாங்கும்."

தவமணி பேனாவை மூடி வைத்தாள். தலைவர் நீங்கலாக ஒன்றியக் குழுவில் பதினான்கு பேர். ஏழு பேர் பாலம் என்றார்கள், ஏழு பேர் ரோடு என்றார்கள். முடிவு அவள் தலையில் விழுந்தது. மார்ச் முடிவதற்குள் தீர்மானம் போடாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும்.

தீர்மானம் போடும் கூட்டத்துக்கு முந்தின நாள் ஆனைக்கல் வார்டு உறுப்பினர் நஞ்சப்பன் வந்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகள் அக்கரைப் பள்ளியில் படித்தார்கள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு.

"தலைவரம்மா, எங்க ஊருக்குக் குடுத்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துடறேங்க. பாலத்தையே போடுங்க. பாலம் இல்லாம மேலே ரோடு வந்தாலும் வண்டி ஓடைக்கரையிலதானுங்களே நிக்கும்?"

தவமணிக்குக் கண்ணில் நீர் வந்தது. பல நாளுக்குப் பிறகு அன்று வயிறார உண்டாள்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் மாதம்மாள் நின்றாள். இருட்டோடு கிளம்பி நடந்து வந்திருந்தாள். அவளுடைய இளைய மகளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

"நஞ்சப்பன் வாக்கைத் திருப்பிக் குடுத்தானாமே? அவன் பங்கை அவன் குடுக்கட்டுங்க. என் வாசல்ல சொன்னது என்கிட்டதான் இருக்குது. நான் குடுக்கலை."

"அப்போ பாலம் வேணாங்கறீங்களா, மாதம்மாக்கா?"

"வேணாங்கலை. மூவாயிரம் சனம் தவிக்கறது எனக்குந் தெரியும். போடறதுன்னா போடுங்க. ஆனா, ஆனைக்கல்காரங்களே விட்டுக் குடுத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க."

கூட்டம் கூடியது. ஏழுக்கு ஏழு. தவமணி பாலத்துக்குக் கை தூக்கினாள். ஆனைக்கல்லுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவளுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "ஆனைக்கல் மக்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததால்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மழைக்குள் பாலம் வந்தது, பஸ்ஸும் வந்தது.

இப்போது சொல்லுங்கள். ஊருக்காக வாக்கைத் திருப்பித் தந்த நஞ்சப்பன், தர மறுத்த மாதம்மாள், பாலத்துக்குக் கை தூக்கி அந்த வரியையும் எழுதவைத்த தவமணி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாதம்மாள். நஞ்சப்பன் நல்லெண்ணத்தில்தான் தந்தான். ஆனால் நாற்பத்தொரு வீட்டுக்கும் சொன்ன வாக்கை ஒரு வீட்டுக்காரன் தந்துவிட முடியாது. தவமணி பாலத்தைப் போட்டது தவறில்லை. வாக்கை மீறியது தான்தான் என்று சொல்லாமல், அதை இழந்தவர்கள் கொடுத்த தானமாக எழுதவைத்ததுதான் தவறு. மாதம்மாள் ஒருத்திதான் பாலத்தையும் மறுக்கவில்லை, பொய்யையும் ஏற்கவில்லை. அடுத்த வருடத்துச் சாலைப் பட்டியலில் ஆனைக்கல் பெயரே இல்லை. தவமணி மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "அவங்களே வேணாம்னுட்டாங்களேம்மா" என்று அந்தத் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்கள். அவள் அங்கேயே ஒரு தாள் வாங்கி, "மேற்படி வரி உண்மையல்ல. வாக்கை மீறியது நான்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு பஸ் ஏறி, சேந்தனூரில் இறங்கி, அதை ஆனைக்கல்காரர்களிடமும் சொல்வதற்காக மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினாள்.