தீவைப் பார்க்கப் போன மூன்று பறவைகள்

கடலோரக் காயல் ஒன்று மழையில்லாமல் வற்றிக்கொண்டே வந்தது. அங்கே வாழ்ந்த பறவைகள் கூடிப் பேசின. கடலுக்கு அப்பால் ஒரு தீவில் ஏழு குளங்கள் இருப்பதாகக் கேள்வி. அவற்றில் மீன் உண்டா என்று பார்த்துவர மூவரை அனுப்பின.

வாய்ப்பையில் மீன் சுமந்துவரும் கூழைக்கடா பெருவாயன் தலைவன். நாரை நெடுங்காலன் குளங்களில் இறங்கி ஆழம் பார்ப்பவன். ஆலா என்னும் கடற்பறவையான செவ்வலகி வழிகாட்டி.

"போக இரண்டு நாள், குளங்களைப் பார்க்க மூன்று நாள், திரும்ப இரண்டு நாள். எதிர்காற்று அடித்தால் மேலும் இரண்டு நாள்," என்றாள் செவ்வலகி. "ஒன்பது நாளுக்கு மீன் வேண்டும், அண்ணா!"

"அவ்வளவு சுமையா!" என்று சிரித்தான் பெருவாயன். "தீவில்தான் ஏழு குளம் இருக்கிறதே! மூன்று நாளுக்கு எடுத்தால் போதும்."

"அங்கே மீன் இருக்கிறதா என்று பார்க்கத்தானே போகிறோம்!"

"புறப்படும்போதே அபசகுனமாகப் பேசாதே!"

அவள் சொன்னதுதான் சரி என்று நெடுங்காலனுக்குப் பட்டது. ஆனால் தலைவனை எதிர்க்கத் தயங்கிப் பேசாமல் இருந்துவிட்டான்.

மூவரும் கடலைக் கடந்தார்கள். முதல் குளத்தில் உப்புப் பூத்திருந்தது. இரண்டாவதில் வெறும் சேறு. மூன்றாவதில் ஒரு தவளைகூட இல்லை.

"ஒரு நாள் மீன்தான் மிச்சம். இப்போதே திரும்பிவிடலாம்!" என்றாள் செவ்வலகி.

"பாதி பார்த்துவிட்டுப் போய் என்ன சொல்வது?" என்றான் பெருவாயன்.

ஏழு குளங்களையும் பார்த்தார்கள். எதிலும் மீன் இல்லை.

பசியோடு திரும்பியவர்களை எதிர்காற்று மறித்தது. பெருவாயனுக்கும் நெடுங்காலனுக்கும் நடுக்கடலில் இரை பிடிக்க வராது. செவ்வலகி மட்டும் அலைமேல் பாய்ந்து பாய்ந்து பொடிமீன் பிடித்தாள். தான் தின்னாமல், மிகவும் தளர்ந்துபோன நாரைக்கே ஊட்டினாள். அது போதவில்லை. திரும்பத் தொடங்கிய நான்காம் நாள், கரை கண்ணில் பட்டபோது நெடுங்காலனின் சிறகுகள் ஓய்ந்தன.

"அண்ணா, என்னால் முடியவில்லை!"

பெருவாயன் கீழே பாய்ந்து முதுகு கொடுத்துத் தாங்கப் பார்த்தான். அதற்குள் அலை நாரையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

காயலில் நெடுங்காலனின் மனைவி ஓடிவந்தாள். "அவர் எங்கே?"

பெருவாயன் தலைகுனிந்தான். "தீவில் மீன் இல்லை, அம்மா. இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு சுமையைக் குறைத்தேன். உன் கணவன் என்னால்தான் போனான்."

அவள் அவனைத் திட்டவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றாள். அன்று காயலில் ஒரு பறவையும் இரை தேடப் போகவில்லை.

எது இருக்கிறதா என்று அறியப் புறப்படுகிறோமோ, அது இருந்தே தீரும் என்று நம்பி வழிக்கு வேண்டியதைக் குறைப்பவன், தன்னோடு வருபவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறான்.